பிஎம்டபிள்யூவுக்குப் பிரேக் பேட்: ஷோரூம் விலை கொடுக்காமல் நல்லதாக வாங்கும் வழி

ஏழெட்டு வருஷம் ஓடிய பிஎம்டபிள்யூ 3 சீரிஸோ ஆடி ஏ4 காரோ இன்று ஒரு புது நடுத்தரக் காரின் விலைக்குக் கிடைத்துவிடுகிறது. ஆனால் கார் விலை இறங்குவதுபோல உதிரிபாக விலை இறங்குவதில்லை. வண்டி வாங்கிய கொஞ்ச நாளில் டாஷ்போர்டில் பிரேக் எச்சரிக்கை மஞ்சளாக எரியும். ஷோரூமில் எஸ்டிமேட் கேட்டால் பேட், சென்சார், டிஸ்க், லேபர், வரி என்று நீண்ட பட்டியல் வரும். அந்தத் தொகையைப் பார்த்து மிரண்டுபோய், முதலில் கண்ணில் பட்ட கடையில் இருப்பதிலேயே மலிவான பேடை வாங்கி மாட்டிவிடுகிறவர்கள் நிறைய. சுமார் 1,500 கிலோ எடையுள்ள, 200 கி.மீ. வேகத்தைத் தாண்டக்கூடிய ஒரு காரில் அதைச் செய்யவே கூடாது.

இரண்டுக்கும் நடுவில் ஒரு வழி இருக்கிறது. சக்கரத்தோடு சுழலும் டிஸ்க்கை இரண்டு பக்கமும் அழுத்தி வண்டியை நிறுத்தும் பிரேக் பேடை பிஎம்டபிள்யூ தயாரிப்பதில்லை. பென்ஸும் ஆடியும் தயாரிப்பதில்லை. அதற்கென்றே இருக்கும் கம்பெனிகளிடம் வாங்கித் தங்கள் டப்பாவில் போட்டு விற்கிறார்கள். அதே கம்பெனிகள் தங்கள் சொந்தப் பெயரிலும் பேட் விற்கின்றன, கணிசமாகக் குறைந்த விலைக்கு. டப்பா மேல் இருக்கும் சின்னத்துக்கான காசை மிச்சம் பிடியுங்கள். பேடின் தரத்தில் ஒரு ரூபாய்கூட மிச்சம் பிடிக்காதீர்கள்.

நம்மூரில் அதிகம் ஓடும் பிஎம்டபிள்யூ 3 சீரிஸின் எஃப்30 தலைமுறை 320டி காரை உதாரணமாக வைத்துக்கொள்கிறேன். 2012 முதல் 2019 வரை இங்கே விற்ற மாடல் அது. செங்கல்பட்டு பக்கம் மகிந்திரா வேர்ல்டு சிட்டியில் இருக்கும் பிஎம்டபிள்யூ ஆலையில் கோக்கப்பட்டது. வேறு கார் வைத்திருப்பவர்களுக்கும் வழி ஒன்றுதான். மாறும் இடங்களை அங்கங்கே சொல்கிறேன்.

முதலில், மாற்றத்தான் வேண்டுமா?

விளக்கு எரிந்ததுமே நான்கு சக்கரத்துக்கும் பேட் வாங்கி வைக்காதீர்கள். பிஎம்டபிள்யூவில் தேய்மான சென்சார் முன் இடது சக்கரத்திலும் பின் வலது சக்கரத்திலும் மட்டும்தான் இருக்கும். பேடுக்குள் செருகியிருக்கும் ஒரு சின்ன பிளாஸ்டிக் துண்டு, அதற்குள் ஒரு கம்பி. பேட் தேயும்போது டிஸ்க் இந்தப் பிளாஸ்டிக்கையும் சேர்த்து அரைத்து, கடைசியில் கம்பியை அறுத்துவிடும். அறுந்ததும் விளக்கு. அப்படியென்றால், சேற்றிலோ கல் பட்டோ அந்த வயர் வேறு இடத்தில் அறுந்தாலும் விளக்கு எரியும். பேட் நன்றாக இருக்க, சென்சார் வயர் மட்டும் போயிருந்தால் வேலை சின்ன செலவில் முடிந்துவிடும்.

அதனால் சக்கரத்தைக் கழற்றி நேரில் பாருங்கள். இரும்புத் தகட்டைக் கணக்கில் சேர்க்காமல், அதன்மேல் ஒட்டியிருக்கும் உராய்வுப் பொருளை மட்டும் அளக்க வேண்டும். புதுப் பேடில் பொதுவாக 10 மி.மீ.க்கு மேல் இருக்கும், 3 மி.மீ.க்கு வந்துவிட்டால் மாற்றியே ஆக வேண்டும். வெளிப்பக்கப் பேடை மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள். பிஸ்டன் தள்ளுகிற உள்பக்கப் பேட் பல வண்டிகளில் முன்னதாகவே தேய்ந்து நிற்கும். உள்ளே ஒன்று வெளியே ஒன்று என்று பெரிய வித்தியாசம் தெரிந்தால், பேடுகளைக் கவ்வி அழுத்தும் காலிப்பர் நகர்வதற்கான வழிகாட்டிப் பின் (ஊசி) இறுகியிருக்கிறது என்று அர்த்தம். அதைச் சரி செய்யாமல் புதுப் பேட் போட்டால் அதுவும் அதேபோலக் கோணலாகத் தேயும்.

அப்படியே டிஸ்க்கையும் பாருங்கள். நடுவில் தொப்பிபோல் எழுந்திருக்கும் குடத்தின் விளிம்பிலோ வெளி ஓரத்திலோ, குறைந்தபட்ச தடிமன் எவ்வளவு என்று ஒரு எண் பொறித்திருக்கும். 24 மி.மீ. தடிமனுள்ள டிஸ்க்கில் அது 22.4 என்று இருக்கும். அதற்குக் கீழே போயிருந்தால் டிஸ்க் மாற்ற வேண்டும், வாதமே கிடையாது. மேலே இருந்து, ஆழமான கோடும் விரிசலும் இல்லாமல், பிரேக் போடும்போது ஸ்டீயரிங்கில் நடுக்கமும் இல்லையென்றால் பேட் மட்டும் போதும். “பேட் மாற்றினால் டிஸ்க்கும் மாற்றணும் சார்” என்று யாராவது சொன்னால், வெர்னியர் வைத்து அளந்து காட்டச் சொல்லுங்கள். எஸ்டிமேட்டில் பாதியை ஏற்றிவிடுவது பெரும்பாலும் இந்த ஒரு வரிதான்.

நம்பரைப் பிடியுங்கள்

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு பகுதியைத்தான் படிக்க நேரமிருக்கிறது என்றால் இதைப் படியுங்கள். தப்பான பேட் வாங்குகிறவர்களில் பெரும்பாலோர் ஏமாற்றப்படுவதில்லை. “320டி 2015 மாடல், முன்பக்கப் பேட்” என்று மட்டும் சொல்லி வாங்குகிறார்கள். அது போதாது. ஒரே எஃப்30 தலைமுறையில் 312, 330, 340 மி.மீ. என்று வெவ்வேறு அளவில் முன் டிஸ்க்குகள் உண்டு. எம் ஸ்போர்ட் பிரேக் என்று நீல நிறத்தில் நான்கு பிஸ்டன் காலிப்பர் வைத்த வண்டிகளும் உண்டு, அவற்றுக்குப் பேடின் வடிவமே வேறு. இதில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. எம் ஸ்போர்ட் பேட்ஜ் ஒட்டியிருக்கும் எல்லா வண்டியிலும் எம் ஸ்போர்ட் பிரேக் இருக்காது. பம்பரும் சக்கரமும் மட்டும் அந்தப் பேக்கேஜில் வந்திருக்கலாம்.

ஆகவே ஆர்சி புத்தகத்தில் இருக்கும் 17 எழுத்து சேசிஸ் நம்பரை எடுங்கள். முன் கண்ணாடியின் கீழ் ஓரத்திலும் அது தெரியும். பிஎம்டபிள்யூவுக்கு அதன் கடைசி 7 எழுத்துகள் போதும். ரியல்ஓஇஎம் போன்ற இலவச இணையக் கேட்டலாக்கில் அதைப் போட்டால் உங்கள் வண்டி எந்த மாதம் வெளியே வந்தது என்று காட்டி, அதற்கான பிரேக் பாக நம்பரைக் கொடுக்கும். பிஎம்டபிள்யூ நம்பர் எப்போதும் 11 இலக்கம். 34 என்று தொடங்கினால் பிரேக் சம்பந்தப்பட்டது. 34 11 என்றால் முன்பக்கம், 34 21 என்றால் பின்பக்கம், 34 35 என்றால் தேய்மான சென்சார். இவ்வளவு தெரிந்தாலே, கடைக்காரர் நீட்டும் டப்பாவைப் பார்த்து முன்னதா பின்னதா என்று நீங்களே சொல்லிவிடலாம்.

ஆடி, ஃபோக்ஸ்வேகன், ஸ்கோடா வைத்திருப்பவர்கள் டிக்கியில் ஸ்டெப்னி இருக்கும் குழியைப் பாருங்கள். அங்கே ஒட்டியிருக்கும் காகிதத்தில் மூன்று எழுத்துக் குறிகள் வரிசையாக இருக்கும். 1எல் அல்லது 1இசட் என்று தொடங்குவது முன் பிரேக்கின் குறி. 1கே என்று தொடங்குவது பின் பிரேக்கின் குறி. சர்வீஸ் புத்தகத்திலும் அதே காகிதத்தின் நகல் ஒட்டியிருக்கும். இந்தக் குறி இல்லாமல் ஆடிக்குப் பேட் வாங்குவது குருட்டு வேலை. பாக நம்பரின் நடுவில் 698 151 என்று வந்தால் முன் பேட், 698 451 என்று வந்தால் பின் பேட். பென்ஸ் நம்பர் ஏ என்ற எழுத்தில் தொடங்கும், பேடாக இருந்தால் நடுவில் 420 என்று வரும். அதையும் சேசிஸ் நம்பர் வைத்துத்தான் எடுக்க வேண்டும்.

கேட்டலாக் சொன்ன நம்பரையும் வண்டியில் இப்போது இருக்கும் பேடையும் ஒப்பிடுங்கள். சக்கரம் கழற்றி நிற்கும்போதே மெக்கானிக்கிடம் சொல்லிப் பழைய பேடின் முதுகை போட்டோ எடுத்து வையுங்கள். கம்பெனி பேடாக இருந்தால் கார் கம்பெனியின் நம்பரோடு, அதை உண்மையில் செய்தவரின் பெயரும் அதில் இருக்கும்: ஜூரிட், டெக்ஸ்டார் என்று. உங்கள் வண்டிக்கு ஆலையில் யாருடைய பேட் போட்டார்கள் என்பதற்கு அதைவிட நம்பகமான சாட்சி கிடையாது. ஆனால் இது இரண்டாவது, மூன்றாவது கை மாறிய வண்டியாக இருந்தால், முந்தைய உரிமையாளர் போட்ட லோக்கல் பேடாகவும் இருக்கலாம். போட்டோவும் கேட்டலாக்கும் ஒத்துப்போனால் மட்டும் நம்புங்கள்.

யார் செய்த பேட்?

கையில் நம்பர் வந்துவிட்டது. அதே நம்பருக்கு யார் யார் மாற்றுப் பேட் செய்கிறார்கள் என்று பார்க்க வேண்டும். டெக்ஸ்டார், பாகிட் இரண்டும் ஜெர்மனியின் டிஎம்டி ஃப்ரிக்‌ஷன் கம்பெனியின் பெயர்கள். ஜூரிட், ஃபெரோடோ இரண்டும் இன்று டென்னெகோ குழுமத்தின் கையில் இருக்கின்றன. டிஆர்டபிள்யூ 2015 முதல் இசட்எஃப் உடையது. ஏடிஈ கான்டினென்டல் வழி வந்தது. இவற்றோடு இத்தாலியின் பிரெம்போ, ஜெர்மனியின் பாஷ். ஐரோப்பியக் கார்களுக்கு இந்த வட்டத்துக்குள் நின்றாலே பெரும்பாலும் தப்பு நடக்காது. டெக்ஸ்டாருக்கு பிரேக்புக், பிரெம்போவுக்கு பிரெம்போ பார்ட்ஸ் என்று கம்பெனிகளே இணையத்தில் கேட்டலாக் வைத்திருக்கின்றன. கார் கம்பெனி நம்பரை அங்கே போட்டால் அவர்களுடைய நம்பர் வந்துவிடும்.

பிரேக் தொழிலில் சென்னைக்குப் பழைய வேர் உண்டு. பாடியில் பிரேக்ஸ் இந்தியாவும் சுந்தரம் பிரேக் லைனிங்ஸும், அம்பத்தூரில் ரானேவும் பல பத்தாண்டுகளாக பிரேக் பாகங்கள் செய்து வருகின்றன. மாருதி, ஹூண்டாய் வைத்திருப்பவர்களுக்கு இவை முதல் தேர்வாகவே இருக்கும். உங்கள் பிரீமியம் காரின் நம்பரும் அவர்கள் கேட்டலாக்கில் இருந்தால் தயங்காமல் பரிசீலிக்கலாம். இல்லையென்றால், “இதுவும் கிட்டத்தட்ட அதே சைஸ்தான், கொஞ்சம் தேய்த்தால் உட்கார்ந்துவிடும்” என்று சொல்பவரை விட்டு விலகி வந்துவிடுங்கள்.

அதே கம்பெனி செய்ததாலேயே உராய்வுப் பொருளும் அதே கலவை என்று நினைக்க வேண்டாம். டெக்ஸ்டார் ஆலைக்குக் கொடுத்த கலவையும் கடையில் விற்கும் கலவையும் சில சமயம் வேறாக இருக்கும். பெரும்பாலும் ஓட்டுபவருக்கு வித்தியாசம் தெரியாது. தெரிந்தால் அது சத்தத்திலும் சக்கரத்தில் படியும் கரியிலும்தான் தெரியும், நிற்கும் தூரத்தில் அல்ல. ஏன் என்பது அடுத்த பகுதியில்.

பேடின் முதுகைப் படிப்பது

ஒரு நல்ல பேடைக் கையில் எடுத்துத் திருப்பிப் பாருங்கள். கறுப்புப் பெயின்ட் அடித்த இரும்புத் தகட்டில் வெள்ளை எழுத்தில் நாலைந்து வரி இருக்கும். அதில் தேட வேண்டியது, வட்டத்துக்குள் ஈ என்ற எழுத்தும் ஒரு எண்ணும். ஈ1 என்றால் ஜெர்மனி, ஈ4 நெதர்லாந்து, ஈ11 பிரிட்டன் என்று அங்கீகாரம் கொடுத்த நாட்டைக் குறிக்கும். பேட் எங்கே செய்யப்பட்டது என்பதை அது சொல்லாது; இதைப் பலர் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். பக்கத்திலேயே 90ஆர் என்று தொடங்கும் ஒரு நீண்ட எண் இருக்கும். ஐநாவின் 90ஆம் எண் வாகன விதிப்படி சோதிக்கப்பட்டது என்பதற்கான அடையாளம் அது. மாற்றுப் பேடின் நிறுத்தும் திறன், அந்தக் கார் வெளிவந்தபோது இருந்த பேடின் திறனிலிருந்து 15 சதவீதத்துக்கு மேல் கூடவோ குறையவோ கூடாது என்பது விதி. கூடவும் கூடாது என்பது முக்கியம். முன் பின் சமநிலையும் ஏபிஎஸ் வேலை செய்யும் விதமும் அதைப் பொறுத்தவை. இந்த எண் இல்லாத பேடைப் பிரீமியம் காருக்கு நான் வாங்கச் சொல்ல மாட்டேன், எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும்.

இன்னொரு குறி இரண்டு ஆங்கில எழுத்துகள்: எஃப்எஃப், ஜிஜி, ஈஎஃப் என்பதுபோல. முதல் எழுத்து சாதாரண வெப்பத்தில் உராய்வு எவ்வளவு, இரண்டாவது நன்றாகச் சூடேறிய பிறகு எவ்வளவு. ஈ என்றால் 0.25 முதல் 0.35, எஃப் என்றால் 0.35 முதல் 0.45, ஜி என்றால் 0.45 முதல் 0.55. இரண்டாவது எழுத்து முதல் எழுத்தைவிடக் கீழே இறங்கியிருந்தால் சூட்டில் பிடிமானம் குறையும் பேட் என்று புரிந்துகொள்ளலாம். ஆனால் எஃப்எஃப் என்று போட்டிருப்பதாலேயே தரமான பேட் ஆகிவிடாது. இது உராய்வின் அளவு மட்டுமே. எத்தனை நாள் உழைக்கும், சத்தம் போடுமா என்பதை இது சொல்லாது.

டபிள்யூவிஏ என்று ஒரு ஐந்து இலக்க எண்ணும் பல பேடில் இருக்கும். பேடின் வடிவத்துக்கும் அளவுக்குமான எண் அது. வேறு வேறு கம்பெனி பேடுகளை ஒப்பிட இதைவிட எளிய வழி கிடையாது. டெக்ஸ்டாரின் நம்பரே அந்த ஐந்து இலக்கத்தில்தான் தொடங்கும்.

செராமிக் வாங்கலாமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். ஜெர்மன் கார்களோடு வரும் பேடில் உலோகத் துகள் கலந்திருக்கும். கடிக்கும் தன்மை நன்றாக இருக்கும். பதிலுக்கு டிஸ்க்கைக் கொஞ்சம் தின்னும், அலாய் சக்கரம் ஒரே வாரத்தில் கறுத்துப்போகும். செராமிக் பேடில் கரி குறைவு, சத்தம் குறைவு. சென்னை, கோவைக்குள் ஆபீஸ் போய்வருகிறவர்களுக்கு, அது நல்ல கம்பெனியுடையதாகவும் 90ஆர் எண் உள்ளதாகவும் இருந்தால், நல்ல தேர்வுதான். அடிக்கடி மலை ஏறி இறங்குபவர்கள் ஆலைக் கலவையோடு ஒத்த பேடிலேயே நில்லுங்கள். ஊட்டியிலிருந்து கல்லட்டி வழியாக மசினகுடிக்கு இறங்கும் 36 கொண்டை ஊசி வளைவுகளில்தான் மலிவுப் பேடின் குணம் தெரியும். தொடர்ந்து அழுத்தி இறங்கும்போது பேட் சூடேறி, அதற்குள் இருக்கும் பிசின் கருகி வாயுவாக வெளியேறும். அந்த வாயு பேடுக்கும் டிஸ்க்குக்கும் நடுவில் நிற்க, மிதி கடினமாகவே இருக்கும், வண்டி மட்டும் நிற்காது. ஊருக்குள் ஆறு மாதம் ஓட்டினாலும் இது தெரியாது. தெரியும் இடத்தில் தெரிந்தால் தப்பிக்க நேரமிருக்காது. நல்ல பேட் போட்டிருந்தாலும் அங்கே கியரைக் குறைத்து இன்ஜின் பிடிப்பில்தான் இறங்க வேண்டும் என்பதை இங்கேயே சொல்லிவைக்கிறேன்.

ரேஸ் பேட் பக்கம் போகவே வேண்டாம். அவை சூடேறினால்தான் பிடிக்கும். காலையில் வீட்டை விட்டுக் கிளம்பும் முதல் பிரேக்கிலேயே பிடிக்க வேண்டியது நம் தேவை.

எங்கே வாங்குவது

சென்னையில் ஜி.பி. ரோடு, பெங்களூரில் ஜே.சி. ரோடு, டெல்லியில் காஷ்மீரி கேட். இந்த மூன்று இடங்களுக்கும் நடந்து போய்த் தேடுவதைவிட, முதலில் போன் போடுங்கள். வாயைத் திறக்கும் முறையிலேயே உங்களுக்குச் சொல்லப்படும் விலை மாறும். “பிஎம்டபிள்யூக்கு பேட் இருக்கா?” என்று கேட்டால், ஒன்றும் தெரியாதவர் வந்திருக்கிறார் என்று புரிந்துவிடும். “அண்ணே, 34 11-ல் ஒரு நம்பர் சொல்றேன், அதுக்கு டெக்ஸ்டாரோ ஜூரிட்டோ ஸ்டாக் இருக்கா? டப்பா, பேட் ரெண்டோட போட்டோவும் வாட்ஸ்அப்ல அனுப்புங்க. ஜிஎஸ்டி பில்லோட என்ன விலை?” என்று கேளுங்கள். உள்ளபடி வியாபாரம் செய்பவர் உடனே அனுப்புவார், சேசிஸ் நம்பரையும் வாங்கி அவரும் ஒருமுறை சரிபார்ப்பார். போட்டோ அனுப்பத் தயங்குகிறவரிடம் பிரேக் பேட் வாங்க வேண்டாம்.

ஜெர்மன் கார் மட்டுமே பார்க்கும் தனி ஒர்க்‌ஷாப்கள் இப்போது பெரிய ஊர்களில் எல்லாம் இருக்கின்றன. அவர்கள் மொத்தமாக வாங்குவதால் பேட் விலையில் அவர்களுக்குத் தள்ளுபடி உண்டு. அதில் ஒரு பங்கை உங்களுக்கும் தருவார்கள். மாட்டும் பொறுப்பும் அவர்களுடையதாகவே இருப்பதால், புதிதாக இதில் இறங்குகிறவர்களுக்கு இந்த வழியைத்தான் முதலில் சொல்வேன். பூட்மோ போன்ற உதிரிபாக இணையச் சந்தையில், கார் கம்பெனி நம்பரைப் போட்டாலே மாற்றுப் பேடுகளின் விலைகளை வரிசையாகப் பார்க்கலாம். அங்கே வாங்காவிட்டாலும், கடையில் பேசுவதற்கு ஒரு அளவுகோல் கிடைக்கும். திருப்பி எடுத்துக்கொள்ளும் விதி என்ன, விற்பனையாளர் யார் என்பதைப் பார்த்துவிட்டுத்தான் பணம் கட்ட வேண்டும்.

ஷோரூமையும் ஒதுக்கிவிடாதீர்கள். கவுன்டரில் பாகத்தை மட்டும் விலைக்குக் கேட்கலாம்; சில கம்பெனிகள் பழைய மாடல்களுக்கென்று விலை குறைந்த உதிரிபாக வரிசை வைத்திருக்கும். வித்தியாசம் சிறிது என்றால் அங்கேயே வாங்கிவிடுவது நிம்மதி.

சென்னைப் புதுப்பேட்டையின் பழைய உதிரிபாகக் கடைகளில் காலிப்பர், அதைத் தாங்கும் பிராக்கெட் போன்ற இரும்புச் சாமான்களைத் தேடலாம். பழைய பேடை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் வாங்காதீர்கள். எண்ணெய் குடித்திருக்கும், அல்லது துரு ஏறித் தகட்டிலிருந்து பொருள் பிரியும் நிலையில் இருக்கும். வெளியே பார்த்து அதைக் கண்டுபிடிக்க முடியாது.

விலையை ஒப்பிடும்போது மூன்று விஷயங்களைக் கேட்டுக்கொள்ளுங்கள். ஒரு செட் என்றால் நான்கு பேட், அதாவது ஒரு ஆக்ஸிலின் இரண்டு சக்கரத்துக்கும் சேர்த்து. ஒரு சக்கரத்துக்கு மட்டும் விலை சொல்லி மலிவாகக் காட்டுவது உண்டு. சென்சார் சேர்த்தா, தனியா? தனி என்றால் பேடோடு சேர்த்தே வாங்கிவிடுங்கள், ஏனென்றால் விளக்கு எரிந்துவிட்டால் பழைய சென்சார் மறுபடி உதவாது. கடைசியாக வரி. 2025 செப்டம்பர் 22 முதல் கார் உதிரிபாகங்களுக்கு ஜிஎஸ்டி 28 சதவீதத்திலிருந்து 18 ஆகக் குறைந்திருக்கிறது. பில்லில் 18 என்றுதான் இருக்க வேண்டும்.

டூப்ளிகேட்டை அடையாளம் காண்பது

பெயர் பெற்ற கம்பெனி எதுவானாலும் அதற்குப் போலி உண்டு. நல்ல பேடின் தகடு ஓரம் வழவழப்பாக வெட்டப்பட்டிருக்கும். போலியில் விரலில் கீறும் பிசிறு இருக்கும். உராய்வுப் பொருளின் விளிம்பை நகத்தால் சுரண்டினால் பொடிப்பொடியாக உதிரக் கூடாது. தகட்டில் பொறித்திருக்கும் நம்பரும் டப்பாவின் லேபிளில் இருக்கும் நம்பரும் ஒன்றாக இருக்க வேண்டும். லேபிளின் மேல் இன்னொரு லேபிள், எழுத்துப் பிழை, மங்கிய அச்சு, உடைந்த சீல் எதைப் பார்த்தாலும் திருப்பிக் கொடுங்கள். டப்பாவில் க்யூஆர் குறி இருந்தால் கடையில் நிற்கும்போதே ஸ்கேன் செய்து, அது கம்பெனியின் சொந்தத் தளத்துக்குத்தான் போகிறதா என்று பாருங்கள். ஆஸ்பெஸ்டாஸ் இல்லை என்று அச்சிட்டிருக்கிறதா என்பதும் கவனிக்க வேண்டியது. அந்தத் தூளைச் சுவாசிக்கப் போவது உங்கள் மெக்கானிக்.

எல்லாவற்றையும்விட விலையே பெரிய அடையாளம். நாலு இடத்தில் கிட்டத்தட்ட ஒரே விலை சொல்லி, ஐந்தாவது இடத்தில் அதே டெக்ஸ்டார் பாதி விலைக்குக் கிடைத்தால் அது டெக்ஸ்டார் இல்லை.

வாரண்டி போய்விடுமா?

வாரண்டிக்குள் இருக்கும் வண்டியானாலும் பேட் தேய்மானப் பொருள் என்பதால் அது சாதாரணமாக வாரண்டியில் சேராது. வெளியில் மாற்றியதால் முழு வாரண்டியும் ரத்து என்று பயமுறுத்தினால் எழுத்தில் கேளுங்கள். இந்தியப் போட்டி ஆணையம் 2014 ஆகஸ்டில் 14 கார் கம்பெனிகளுக்கு எதிராக ஒரு பெரிய உத்தரவு போட்டது. உதிரிபாகங்களை வெளிச்சந்தையில் கிடைக்கவிடாமல் செய்ததற்காக 2,544 கோடி ரூபாய் அபராதம். வெளி ஒர்க்‌ஷாப்புக்குப் போனார் என்ற ஒரே காரணத்துக்காக வாரண்டியை ஒட்டுமொத்தமாக ரத்து செய்யக் கூடாது என்பதும் அதில் இருந்தது. வழக்கு மேல்முறையீடுகளுக்குப் போனது வேறு கதை. ஆனால் நீங்கள் போட்ட பேடால் ஒரு பழுது வந்தால் அந்தப் பழுதுக்கு யாரும் பொறுப்பேற்க மாட்டார்கள். அதனால் பில்லையும் டப்பாவையும் பத்திரப்படுத்துங்கள்.

மாட்டும்போது பக்கத்தில் நில்லுங்கள்

எஃப்30-க்கு முன்பக்கம் சிரமமில்லாத வேலை. பின்பக்கமும் அப்படியே, ஹேண்ட்பிரேக் கம்பியில் இயங்கி, பின் டிஸ்க்கின் குடத்துக்குள் இருக்கும் தனி பிரேக் ஷூவை விரித்துப் பிடிக்கிறது, பேடோடு அதற்குச் சம்பந்தமில்லை. ஆடி ஏ4-இல் பி8 தலைமுறையிலிருந்து பின் காலிப்பரிலேயே மின்மோட்டார் உட்கார்ந்திருக்கும். ஸ்கேனர் வைத்து சர்வீஸ் நிலைக்குக் கொண்டுபோன பிறகுதான் பிஸ்டனைத் தள்ள வேண்டும். ஸ்கேனர் இல்லாத இடத்தில் பலவந்தமாகத் தள்ளினால் மோட்டார் போய், பேடில் மிச்சம் பிடித்ததுபோலப் பல மடங்கு செலவாகும். உங்கள் வண்டியில் பட்டன் ஹேண்ட்பிரேக் என்றால், வண்டியை விடும் முன்பே இதைக் கேட்டுவிடுங்கள்.

கழற்றிய காலிப்பரை அதன் ரப்பர் குழாயில் தொங்கவிடக் கூடாது. கம்பி போட்டுக் கட்ட வேண்டும். தூளை ஏர் அடித்து ஊதக் கூடாது, பிரேக் கிளீனர் தெளித்துத் துடைக்க வேண்டும். எஃப்30 காலிப்பரின் வழிகாட்டிப் பின் ரப்பர் புஷ்ஷுக்குள் ஓடுவது. அதைச் சுத்தமாகத் துடைத்தால் போதும், கிரீஸ் பூசினால் ரப்பர் ஊதி இறுகிவிடும். எல்லா வண்டிக்கும் கிரீஸ் பூசிப் பழகிய கைகள் இதையும் பூசிவிடும், கவனியுங்கள். பிஸ்டனைத் தள்ளும்போது பிரேக் ஆயில் மேலேறித் தொட்டியில் வழியலாம். பெயின்ட்டில் பட்டால் தின்றுவிடும், மூடியைச் சுற்றித் துணி வைக்கச் சொல்லுங்கள். ஆயில் மாற்றி இரண்டு வருஷம் ஆகியிருந்தால் இதோடு அதையும் மாற்றிவிடலாம். பேடில் அம்புக்குறி இருந்தால் சக்கரம் முன்னே சுழலும் திசையில் அது இருக்க வேண்டும். ஒரு ஆக்ஸிலின் இரண்டு பக்கமும் சேர்த்தே மாற்ற வேண்டும், ஒரு பக்கம் மட்டும் என்ற பேச்சே இல்லை.

புது சென்சார் செருகிய பிறகு சர்வீஸ் கணக்கை ரீசெட் செய்ய வேண்டும். எஃப்30-ல் இக்னிஷனைப் போட்டு, ஸ்பீடோமீட்டர் பக்கத்தில் இருக்கும் சின்ன பட்டனை அழுத்திப் பிடித்தால் மெனு வரும். அதில் முன் பிரேக்கைத் தேர்ந்தெடுத்து ரீசெட் கொடுக்கலாம். சென்சார் சரியாக இணையவில்லை என்றால் ரீசெட் ஆகாது, அதுவே ஒரு சோதனை.

முதல் 300 கி.மீ.

வண்டியை நகர்த்தும் முன் பிரேக் மிதியை, அது கெட்டியாகும்வரை பலமுறை அழுத்துங்கள். பிஸ்டன் பின்னுக்குத் தள்ளப்பட்டிருப்பதால் முதல் ஒன்றிரண்டு மிதி தரை வரை போகும். அதை மறந்து ரிவர்ஸ் எடுத்தால் பின்னால் இருப்பது சுவராக இருந்தால் நல்லது, ஆளாக இருந்தால்?

அப்புறம் வண்டி இல்லாத சாலையில் 60 கி.மீ. வேகத்திலிருந்து 20 வரை மிதமாக அழுத்திக் குறைத்து, கொஞ்ச தூரம் ஓடவிட்டு ஆறவைத்து, மறுபடியும் அதேபோல என்று பத்து முறை. முழுசாக நிறுத்திச் சூடான பேடை டிஸ்க்கில் அழுத்தி வைத்திருக்க வேண்டாம். பேடின் பொருள் டிஸ்க்கில் ஒரு சீரான படலமாகப் படிந்தால்தான் முழுப் பிடிமானம் வரும். முதல் 200, 300 கி.மீ. வரை அவசரம் தவிர்த்துக் கடுமையான பிரேக் போடாதீர்கள். மலைப் பயணம் இருந்தால் அதைத் தள்ளிப் போடுங்கள்.

ஆரம்பத்தில் லேசான கீச்சல் வந்தால் பயப்பட வேண்டியதில்லை, பேட் டிஸ்க்கில் உட்கார்ந்ததும் போய்விடும். 300 கி.மீ. தாண்டியும் நிற்கவில்லை, வண்டி ஒரு பக்கம் இழுக்கிறது, அல்லது ஓடி நின்றபின் ஒரு சக்கரம் மட்டும் மற்றதைவிட அதிகம் சுடுகிறது என்றால், மாட்டிய இடத்துக்கே வண்டியைத் திருப்பிக் கொண்டுபோய்க் காலிப்பர் பின்னையும் பேட் உட்காரும் இடத்தையும் கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். பெரும்பாலும் அங்கேதான் துரு கட்டியிருக்கும்.